கி 17 கிணற்றுக்குத் தர வேண்டிய இரண்டு பக்கங்கள்

எங்கள் பல்கலைக்கழகங்களில் உயர் பட்டப்படிப்புகளை நடத்தும் பீடாதிபதிகளுக்கும், மேற்பார்வையாளர்களுக்கும், பரீட்சகர்களுக்கும்,

வணக்கம்.

முதுமாணிப் பட்டத்துக்காக யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துக் கிணறுகளில் நீர் எடுத்து, பசளையிலிருந்தும் கழிவிலிருந்தும் நீரில் சேரும் நைத்திரேற்று என்ற உப்பு அதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சோதித்தவள் நான். ஆய்வேடு ஏற்கப்பட்டது, பட்டமும் கிடைத்தது. எனக்குக் கற்பித்தவர்கள் நேரம் பாராமல் கற்பித்தார்கள்; அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பட்டம் கிடைத்த பிறகு ஒரு கிணற்றடியில் நான் பட்ட வெட்கத்தை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். அதை மாற்றும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது.

வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, மாதிரி எடுத்த வீடுகளில் ஒன்றின் படலை திறந்திருந்தது. உள்ளே போனேன். கப்பித் தூணில் நான் ஒட்டிவிட்டுப் போன அடையாளத் துண்டு இன்னும் இருந்தது. ‘கி 17’ என்ற எழுத்து வெயிலில் வெளிறியிருந்தது. வீட்டுக்கார அம்மா என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். “போத்தலில் தண்ணீர் கொண்டு போன பிள்ளைதானே? நீ திரும்பி வருவாய் என்றுதான் அந்தத் துண்டைக் கழற்றவில்லை. எங்கள் கிணறு என்ன சொல்கிறது?” என்று கேட்டார்.

அளவு கூடுதலாக இருக்கிறது என்றேன். அவர் பதறவில்லை. “அப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் நினைத்தோம். அதனால்தான் பேரனுக்குப் பால்மா கரைக்கிற தண்ணீரை இரண்டு தரம் நன்றாகக் கொதிக்க வைத்தோம்” என்றார்.

அந்த இடத்தில் எனக்கு வாயடைத்துப் போனது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறைய, மிஞ்சிய நீரில் அதன் அளவு கூடும். இரண்டு தரம் கொதிக்க வைத்தால் இன்னும் கூடும். அந்த அம்மா பேரன் மேல் வைத்திருந்த அக்கறைதான் அவனுக்குக் கூடுதலான நைத்திரேற்றைக் கொடுத்திருக்கிறது. நல்லவேளையாக ஒன்றும் நடக்கவில்லை. பேரன் முற்றத்தில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான். ஆபத்துக் கூடிய முதல் ஆறு மாதங்களையும் அவன் எப்போதோ கடந்துவிட்டான். அந்த ஆறு மாதங்களும் என் ஆய்வேடு ஒரு பரீட்சகரின் மேசையில் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஆய்வேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். 1945ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மருத்துவர் ஹன்ரர் கொம்லி, நைத்திரேற்று கூடிய கிணற்று நீரில் கரைத்த பாலைக் குடித்த கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரித்ததைப் பற்றி எழுதினார். அது என் ஆய்வேட்டில் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றர் குடிநீருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்று எல்லை வைத்திருப்பதும், புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளை மனதில் வைத்தே அந்த எல்லை வகுக்கப்பட்டது என்பதும் இருந்தன. குருதியின் ஒட்சிசன் காவும் திறன் எப்படிக் குறைகிறது என்பதற்கு ஒரு படமும் இருந்தது. கொதிக்க வைப்பதால் பயன் இல்லை என்ற ஒரு வரி மட்டும் எங்குமே இல்லை. அதை எழுத எனக்குத் தோன்றவே இல்லை. நான் எழுதியது உங்களுக்காக. உங்களுக்கு அது தெரியும்.

இந்த மடலின் கோரிக்கை அந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறது. ஒவ்வொரு முதுமாணி, கலாநிதி ஆய்வேட்டுடனும், அந்த ஆய்வுக்கு நீரோ மண்ணோ நேரமோ சொல்லோ தந்தவர்கள் வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடிய இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றை அவர்களின் மொழியிலேயே கட்டாயமாக்குங்கள். அதைப் பின்னிணைப்பில் போட்டு மறந்துவிடாமல் பரீட்சியுங்கள். அதற்கும் புள்ளி கொடுங்கள். அது உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பட்டம் வழங்குமுன் கேளுங்கள்.

ஆய்வுச் சுருக்கம்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தில் இருக்கிறது. அது ஆய்வேட்டைத் திறக்கலாமா வேண்டாமா என்று இன்னோர் ஆய்வாளர் முடிவெடுப்பதற்காக எழுதப்படுவது. அதைத் தமிழாக்கினால் போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கி 17 வீட்டிலிருந்து திரும்பிய அன்றிரவே உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது: ‘மாதிரிக் கிணறுகளின் நைத்திரேற்றுச் செறிவானது நிலப்பயன்பாட்டுடன் புள்ளிவிபர ரீதியில் பொருண்மையுள்ள தொடர்பைக் கொண்டிருந்தது.’ என் அம்மா முப்பது வருடம் ஆரம்பப் பாடசாலையில் படிப்பித்தவர். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து ஒரு தரம் வாசித்தார், திரும்பவும் வாசித்தார். “செறிவு என்றால் என்ன, பொருண்மையுள்ள தொடர்பு என்றால் என்ன என்று கேட்க மாட்டேன்” என்றார். “கிணற்றுக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொல்லு.”

சொன்னேன். தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் கிணறுகளில் இந்த உப்பு கூடுதலாக இருக்கிறது. தோட்டம் இல்லாத வளவுகளில் குறைவாக இருக்கிறது. மலகூடக் குழிக்குக் கிட்ட உள்ள கிணறுகளிலும் சில இடங்களில் கூடுதலாக இருக்கிறது. அம்மா, “அதை எழுது” என்றார். அதைத்தான் எழுதினேன். அந்த மூன்று வரிகளை எழுத எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ‘கிட்ட’ என்றால் எத்தனை அடி, ‘சில இடங்களில்’ என்றால் எங்கே, தோட்டத்தில் என்ன பயிர் நின்றது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். சில கேள்விகளுக்கு என் தரவில் பதில் இருந்தும் நான் அதைத் தேடிப் பார்த்ததில்லை. குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தை எல்லா வளவுகளிலும் நான் ஒரே விதமாக அளந்திருக்கவில்லை என்பது அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் எனக்குத் தெரியவந்தது. வாய்மொழிப் பரீட்சையில் யாரும் அதைக் கேட்கவில்லை. வாய்மொழிப் பரீட்சைக்கு முன்பே அம்மாவின் கேள்விகளுக்கு நான் பதில் எழுதியிருந்தால், ஆய்வேடே இன்னும் நேர்மையாக வந்திருக்கும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களில் பெரும்பாலானோர் உயர்தரம் வரை இரசாயனவியலைத் தமிழில்தான் படித்தோம். நைதரசன், ஒட்சியேற்றம், கரைதிறன் எல்லாம் தமிழில்தான் மனதில் பதிந்தன. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறினோம். அது தேவைதான், உலகத்து ஆய்வாளர்கள் எழுதுவதை வாசிக்க வேறு வழி இல்லை. ஆனால் அந்த நான்கைந்து வருடங்களில், முன்பு தமிழில் சொல்லத் தெரிந்ததையும் சொல்ல முடியாதவர்களாகிவிட்டோம். அறிவியலைத் தமிழில் சொல்வது இந்த மண்ணில் புதிய முயற்சியும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர், மருத்துவக் கல்வியையே தமிழில் நடத்தினார். உடற்கூற்றையும் இரண வைத்தியத்தையும் தமிழில் எழுதவைத்து, தமிழில் படித்த வைத்தியர்களை உருவாக்கினார். அப்போது பாடசாலைக் கலைச்சொற்கள் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இன்று சொற்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. நீங்கள் கேட்காததால்தான் நாங்கள் எழுதுவதில்லை. ஆய்வு நடந்த இடத்து மக்கள் சிங்களம் பேசுபவர்களாக இருந்தால் சுருக்கம் சிங்களத்தில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

எழுதிய சுருக்கத்தை எடுத்துக்கொண்டு ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் போனேன். பத்திரிகை வாசிக்க வந்தவர்கள், வெங்காயத் தறைக்கு நீர் மாறிவிட்டு வந்தவர்கள், நான்கைந்து அம்மாமார், ஓர் உயர்தர மாணவன் என்று வாங்குகள் ஓரளவு நிறைந்திருந்தன. பல்கலைக்கழகத்தில் காட்டிய படங்களைக் கணினியில் கொண்டு போயிருந்தேன். இரண்டாவது படத்திலேயே நிறுத்திவிட்டேன். சிதறல் வரைபடத்தைப் பார்த்து ஒருவர், “இந்தப் புள்ளிகளில் என் கிணறு எது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கணினியை மூடிவிட்டு நிலாவரையைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.

நிலாவரை எல்லோருக்கும் தெரிந்த கிணறு. மேலே நன்னீர், ஆழத்துக்குப் போகப் போக உவர் நீர் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக் கிணறுகளின் அடியிலும் அதுதான் நிலைமை என்றேன். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு இது. மாரியில் விழும் மழை செம்மண்ணுக்குள்ளால் இறங்கி, சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி, கடல் நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி இறங்கும்படி இறைத்தால், கீழேயிருந்து உவர் எந்த அளவுக்கு மேலே வரும் என்று யோசித்துப் பாருங்கள் என்றேன். அறை அமைதியானது. நைத்திரேற்றும் மழை இறங்கும் அதே வழியால்தான் இறங்குகிறது. 50 கிலோ யூரியாப் பையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. பயிர் எடுத்தது போக மிஞ்சியது மண்ணில் நைத்திரேற்றாக மாற, நீர் அதைக் கீழே கொண்டு போகிறது. பொந்துகள் நிறைந்த சுண்ணக்கல் அதை வடிகட்டித் தருவதில்லை. இத்தனையையும் சொல்ல எனக்கு ஒரு படமும் தேவைப்படவில்லை.

அப்போது அந்த உயர்தர மாணவன் என் சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தான். “அக்கா, அட்டவணையில் ஒரு கிணற்றுக்கு 15 என்று போட்டிருக்கிறீர்கள். எல்லை 50 என்கிறீர்கள். அப்படியென்றால் அது நல்ல தண்ணீர்தானே?” என்று கேட்டான். எனக்கு உடல் குளிர்ந்தது. ஆய்வுகூட அறிக்கையில் அந்த எண்கள் நைத்திரேற்றில் உள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டவை. 50 என்பது முழு நைத்திரேற்றுக்கான எல்லை. நைதரசனாக 15 என்றால் நைத்திரேற்றாக 66 வரும். ஆய்வேட்டில் அலகு சரியாகவே இருந்தது, பரீட்சகர்களும் அதைச் சரியாகவே வாசித்தார்கள். சுருக்கத்துக்காக அட்டவணையை வெட்டி ஒட்டியபோது தலைப்பில் இருந்த அலகு விடுபட்டுப் போயிருந்தது. ஆபத்தான கிணறு ஒன்று என் கையாலேயே நல்ல கிணறாகிவிட்டது. அந்த மாணவன் கேட்டிராவிட்டால் அந்தத் தாள் அப்படியே வீடு வீடாகப் போயிருக்கும்.

இதனால்தான் சுருக்கத்தையும் பரீட்சியுங்கள் என்று மன்றாடுகிறேன். சுருக்கம் எழுதுவது சின்ன வேலை, மாணவர் தன் பாட்டில் எழுதிக் கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டால் இதுதான் நடக்கும். ஆய்வேட்டில் ஒரு பிழை விழுந்தால் அதைத் திருத்த நான்கு பேராசிரியர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு பக்கத்தில் விழும் பிழை நேரே ஒரு குழந்தையின் பால் போத்தலுக்குள் போகும். துறை தெரிந்த ஒருவர் அதை எண் எண்ணாகச் சரிபார்க்க வேண்டும். துறை தெரியாத ஒருவர் வாசித்து, விளங்கியதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டுமே வேண்டும். ஒன்று மட்டும் போதாது என்பதை நான் பட்டு அறிந்துகொண்டேன்.

அன்று வந்த இன்னொரு கேள்வியையும் சொல்ல வேண்டும். வயதான கமக்காரர் ஒருவர் கடைசி வரை பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியென்றால் பசளையே போட வேண்டாம் என்கிறாயா, பிள்ளை?” என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. 2021இல் இரசாயனப் பசளையின் இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது இந்த நாட்டுக் கமக்காரர்கள் பட்ட பாட்டை நாம் எல்லோரும் பார்த்தோம். அப்படி நான் சொல்லவில்லை, என் ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை என்றேன். எந்தப் பயிருக்கு எவ்வளவு போட்டால் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை நான் அளக்கவே இல்லை. அதைச் சொன்னதும் அவர் முகம் இளகியது. பிறகு அவரே, மழைக்கு முதல் நாள் யூரியா போடுவது காசை மண்ணுக்குள் புதைப்பது போலத்தான் என்று மற்றவர்களுக்குச் சொன்னார். விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிட்டு அதைப் பற்றி ஒரு நாள் பேசுவோம் என்று அங்கேயே முடிவானது. ஆய்வு எதைச் சொல்லவில்லை என்பதற்கு அந்த இரண்டு பக்கத்தில் ஒரு பத்தி கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எங்கள் எண்களை யாராவது எடுத்து, நாங்கள் சொல்லாததற்கெல்லாம் சாட்சியாக்கிவிடுவார்கள்.

கிணறுகளின் வரைபடத்தை நான் சுருக்கத்தில் போடவில்லை. ஆய்வேட்டில் அது அழகாக வந்திருந்தது, சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் இருந்தன. ஆனால் யாழ்ப்பாணத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு என்பது ஒரு காணியின் விலை. சீதனப் பேச்சில் அதற்கும் ஓர் இடம் உண்டு. சிவப்புப் புள்ளி விழுந்த வளவு எது என்று ஊருக்குத் தெரிந்தால், அந்தக் குடும்பம் எனக்குத் தண்ணீர் தந்ததற்குத் தண்டனை அனுபவிக்கும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தக் கிணற்றின் எண்ணை மட்டும் உறையில் போட்டுத் தனியாகக் கொடுத்தேன். பொதுவில் பகுதிவாரியாக மட்டும் சொன்னேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு முதலில் போனேன். யாருக்கு எதை, எந்த வடிவத்தில் கொடுப்பது என்பதை எனக்கு ஒருவரும் கற்றுத்தரவில்லை. ஆய்வு முறையியல் பாடத்தில் மாதிரி எடுப்பதற்குப் பல வாரங்கள் ஒதுக்குகிறீர்கள். எடுத்த மாதிரிக்கான பதிலைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு நாளாவது ஒதுக்குங்கள்.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய ஒரு போட்டியை நீங்கள் அறிவீர்கள். கலாநிதிப் பட்ட மாணவர் தன் ஆய்வை மூன்று நிமிடத்தில், ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு, துறை சாராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த மாநிலத்தில் கடும் வரட்சி நிலவிய காலத்தில் குளிக்கும் நேரத்தைக் குறைக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். பல வீடுகளில் குளியலறைச் சுவரில் மூன்று நிமிட மணற்கடிகாரம் தொங்கியது. அதிலிருந்துதான் அந்த எண்ணம் பிறந்தது. தண்ணீர்த் தட்டுப்பாட்டில் பிறந்த முறை என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு பிரியம் உண்டு. இப்படிப்பட்ட போட்டிகளை எங்கள் பல்கலைக்கழகங்களும் நடத்தட்டும், பேச்சுப் பழக அது நல்லது. ஆனால் அந்த மேடையில் பரிசு பேசுகிறவருக்குக் கிடைக்கிறது. கி 17 வீட்டு அம்மா அந்த மண்டபத்துக்கு வரப் போவதில்லை. அவருக்கு மேசை லாச்சியில் வைத்து, வேண்டும்போது எடுத்து வாசிக்க ஒரு தாள் வேண்டும்.

மாணவர்களின் சுமை கூடிவிடும் என்று சிலர் சொல்வீர்கள். கூடும். எனக்கு எழுத ஒரு வாரமும், வீடு வீடாகப் போக இரண்டு சனி ஞாயிறும் பிடித்தன. ஆய்வேட்டின் வடிவமைப்பைத் திருத்த, ஓர எல்லைகளையும் எழுத்தளவையும் சரிசெய்ய, அதைவிடக் கூடுதலான நாட்களைச் செலவழித்தேன். அந்த ஓரங்களை அளந்து பார்த்துத்தான் ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டீர்கள். அதே கண்டிப்பை இந்த இரண்டு பக்கத்துக்கும் காட்டினால் மாணவர்கள் எழுதுவார்கள்.

நீர், மண் ஆய்வுகளுக்கு மட்டும் நான் இதைக் கேட்கவில்லை. போரில் இழந்தவர்களிடம் போய் மணிக்கணக்கில் கதை கேட்டு ஒலிப்பதிவு செய்யும் சமூகவியல் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர்களின் வகுப்பறைக்குள் இருந்து குறிப்பெடுக்கும் கல்வியியல் மாணவர்கள் இருக்கிறார்கள். தங்கள் கதை எங்கே போனது என்று தெரியாமல் இருப்பவர்கள் கிணற்றுக்காரர்களைவிடக் கூடுதலானவர்கள்.

இந்த மடலுடன் என் இரண்டு பக்கச் சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன். அலகைத் திருத்தி, அட்டவணையை எடுத்துவிட்டேன். கொதிக்க வைப்பது பற்றிய வரி முதல் பக்கத்தின் மேலேயே, மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே, கைக்குழந்தைக்குப் பால் கரைக்க வேறு எந்த நீரை எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பகுதியை உங்களில் வைத்தியத் துறையைச் சேர்ந்த ஒருவர் சரிபார்த்துத் தந்தால், அடுத்த மாரிக்கு முன் மற்றக் கிராமங்களுக்கும் கொண்டு போவேன். கி 17 வீட்டு அம்மா தன் பிரதியைக் குசினிச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி
வலிகாமம்